எட்டாம் நம்பர் அணி மாறிய வருடம்

ஒன்பதாவது கோல் விழுந்தபோது என் கைக்கடிகாரத்தில் எழுபத்தொன்றாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. கூடுவாஞ்சேரி ஒன்பது, கேளம்பாக்கம் பூஜ்யம். நான் நடுவர். விசில் ஊதி நடுக்கோட்டைக் கை காட்டினேன். கோல் போட்டவனைக் கட்டிப்பிடிக்க யாரும் ஓடி வரவில்லை. அவனும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டு, கடைக்குப் போய்த் திரும்புகிறவன் மாதிரி தன் பக்கத்துக்கு நடந்தான்.

அந்தக் கோல் ஆஃப்சைடு, கணக்கில் சேரக் கூடாதது. ஊதிய மறுநொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கோட்டோரம் கொடியோடு நின்ற துணை நடுவர் மேற்கு வெயிலில் கண் கூசி நின்றிருந்தார். அவர் கொடி உயரவில்லை. ஆனால் பிழை அவருடையது மட்டும் இல்லை. ஆறாவது கோலுக்குப் பிறகு நானும் பந்தின் பின்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு, நடுவட்டத்தில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். கேளம்பாக்கம் கீப்பர் வந்து சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க மேடம். எட்டா இருந்தா என்ன, ஒம்போதா இருந்தா என்ன" என்றார்.

பதினோரு வருடமாக விசில் ஊதுகிறேன். என்னை யாரும் அவ்வளவு மென்மையாக அவமானப்படுத்தியதில்லை.

அப்போது கூடுவாஞ்சேரியின் கேப்டன் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தார். சட்டையில் அதன் மண்ணைத் துடைத்து, கீப்பரின் கையில் கொடுத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினார். ஐந்தாவது கோலிலிருந்தே அவர் அதைச் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து வலையிலிருந்து பந்தைப் பொறுக்குவது ஒரு கீப்பருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்த ஒரே ஆள், அந்தக் கோல்களைப் போட்ட அணியில் இருந்தார்.

களத்தில் எனக்கு ஆட்களை எண்ணால்தான் பழக்கம். அவர் எட்டாம் நம்பர். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்து நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அந்தக் கடைசி கோலு ஆஃப்சைடுதான?"

"ஆமா" என்றேன். மழுப்புவதற்கு வாய் வரவில்லை.

"எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஒருத்தனாவது வாயத் தொறந்தானா பாத்தீங்களா? அரை மணி நேரமா அங்க மேட்ச்சே இல்ல மேடம். சும்மா ஓடிக்கினு இருந்தோம்."

சொல்லிவிட்டுக் குழாயில் கால் முட்டியை நனைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சேலையூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரிக் காலத்தில் ஃபுட்பால் ஆடினேன், ஓரத்தில் ஓடும் விங்கில். ஆட்டம் நின்ற பிறகும் மைதானத்தை விட மனமில்லாமல் நடுவர் தேர்வு எழுதினேன். ஞாயிறு காலை சர்ச், மாலை விசில் என்று வாரம் ஓடும். எங்கள் லீக்கில் ஆறு கிளப்புகள்: தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், கூடுவாஞ்சேரி, சிறுசேரி, கேளம்பாக்கம். தொலைக்காட்சியில் வருகிற லீக் இல்லை. ஆனாலும் தொழில்முறை லீக்தான். ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தத் தாள் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. சிலருக்கு அதுவே பிழைப்பு. சிலர் பகலில் கார் ஓட்டிவிட்டோ, கடையில் நின்றுவிட்டோ வந்து ஆடுவார்கள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தையும் இரண்டு முறை சந்திக்கும். விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில்தான் மைதானம். பயிற்சி விமானம் தலைக்கு மேல் திரும்பும்போது விசில் சத்தம் யாருக்கும் கேட்காது. கையை உயர்த்தி ஆட்ட வேண்டும்.

கூடுவாஞ்சேரி கிளப்பின் முதலாளி ஜி.எஸ்.டி. சாலையோரம் லேஅவுட் போட்டு மனை விற்கிறவர். மூன்று வருடமாகக் கோப்பை அவரிடம்தான். அவரை ஒரு வில்லனாக நினைத்துவிடக் கூடாது. சம்பளம் தள்ளிப் போகாது. ஆட்டக்காரர்களுக்கு முட்டையும் சுண்டலும் கணக்குப் பார்க்காமல் வரும். அடிபட்டால் பார்க்க ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தனியாக வைத்திருந்தார். எந்த அணியிலாவது ஒருவன் நன்றாக ஆடினால் அடுத்த வருடம் அவன் அங்கே போய்விடுவான். நானாக இருந்தாலும் போயிருப்பேன். எட்டாம் நம்பரும் வியாசர்பாடியில் பிறந்து, வடசென்னைத் தெருக்களில் பந்து பழகி, அந்தச் சம்பளத்துக்காகத்தான் பெருங்களத்தூரில் வீடு பார்த்துக்கொண்டு வந்தவர்.

அந்த ஒன்பது கோல் ஆட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து லீக் செயலாளர் ஒரு கூட்டம் கூட்டினார். அவர் பல் டாக்டர். கேம்ப் ரோட்டில் அவருடைய கிளினிக் ஞாயிறு காலை மூடியிருக்கும் என்பதால் காத்திருப்பு அறையிலேயே எல்லாரும் உட்கார்ந்தோம். சுவரில் பெரிய கடைவாய்ப் பல் படம். ஆறு கிளப்பிலிருந்தும் ஆட்கள், ஆட்டக்காரர்கள் சார்பில் எட்டாம் நம்பர், நடுவர்கள் சார்பில் நான்.

"ரெண்டு கிளப் அடுத்த வருஷம் வரலன்னு லெட்டர் குடுத்துட்டாங்க" என்றார் டாக்டர். "நாலு டீமை வெச்சு லீக் நடத்த முடியாது. என்ன பண்ணலாம், சொல்லுங்க."

சிறுசேரி அணியின் மேலாளர் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "எங்க பசங்க வாரம் அஞ்சு நாள் ஆபீஸ்ல திட்டு வாங்குறாங்க டாக்டர். ஞாயித்துக்கிழமையும் அதுக்கே வண்டி எடுத்துட்டு வரணுமான்னு கேக்குறாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். கூடுவாஞ்சேரி முதலாளி சிரிக்கவில்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன், அதைச் சொல்லுங்க" என்றார். "ஒழுங்கா சம்பளம் குடுக்கிறேன். ஷூ வாங்கித் தர்றேன். அடிபட்டா வைத்தியம் பாக்கிறேன். நல்ல பிளேயர் எங்கிட்ட வர்றான். வராதேன்னு அவனை விரட்டச் சொல்றீங்களா?"

எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. "சார் சொல்றது சரிதானே" என்றேன். "பலமா இருக்கிறவங்க ஜெயிக்கிறாங்க. மத்தவங்களும் பலமாகட்டும். இதுல சட்டம் போட்டு என்ன பண்ண முடியும்?"

கதவோரம் நின்றிருந்த எட்டாம் நம்பர் என்னைப் பார்த்தார். "மேடம், ஸ்கூல்ல பசங்களுக்கு மேட்ச் வெக்கிறீங்கல்ல? டீம் எப்டிப் பிரிப்பீங்க?"

"ரெண்டு கேப்டன் போடுவேன். மாத்தி மாத்திக் கூப்பிடச் சொல்லுவேன்."

"நல்லா ஆடுறவன் அத்தனை பேரும் ஒரே பக்கம் போறேன்னு சொன்னா?"

"விட மாட்டேன்."

"ஏன் மேடம்?"

"அப்புறம் என்ன ஆட்டம் அது? ரெண்டு பக்கத்துக்கும் போரடிச்சிடும்."

"அத்தான் மேடம். ஸ்கூல் பசங்களுக்கு நீங்க பண்றத எங்களுக்கும் பண்ணிக் குடுங்க."

என் முகம் சூடானது. பதினைந்து வருடமாகப் பள்ளி மைதானத்தில் தினமும் செய்கிற காரியம். அதை என் கண்முன்னே எடுத்து வைக்க வேறு ஒருவர் வேண்டியிருந்தது.

டாக்டர் ஏற்கெனவே ஏதோ எழுதி வைத்திருந்தார் போல. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்களில் ஏழு பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பெயர் ஒரு பொதுப் பட்டியலுக்குப் போகும். கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் ஓர் ஆளை எடுக்கும். கோப்பை வாங்கிய அணி கடைசியில் எடுக்கும். அப்படியே சுற்று சுற்றாகப் போகும்.

முதலாளி அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தார். கடைசியில் எட்டாம் நம்பரிடம் திரும்பி, "சரி, ஏழு பேர்னா முதல் பேரு உன்னுதுதான்" என்றார்.

"இல்ல சார். என் பேரை லிஸ்ட்ல போட்டுடுங்க."

முதலாளி தாளைக் கீழே வைத்தார்.

"என்னப்பா சொல்ற? அங்க போனா உனக்குப் பாதி கூடக் குடுக்க மாட்டாங்க. தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா இத நாந்தான இம்மாம் பெருசா பேசினேன். நான் உங்ககிட்ட சொகமா ஒக்காந்துகினு மத்தவனப் போடான்னு சொன்னா நல்லாவா கீது?"

முதலாளி எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். லீக் அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் பல் ஒன்றை அடைக்க அதே கிளினிக்குக்குப் போனேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பதில் பேச முடியாமல் கிடந்தபோதுதான் டாக்டர் சொன்னார்: முதலாளி போன் செய்தாராம். சம்மதமாம். ஒரே ஒரு நிபந்தனை. எட்டாம் நம்பருக்கு வலது முட்டியில் பழைய அடி ஒன்று இருக்கிறது. எந்த அணிக்குப் போனாலும் அந்த முட்டியைத் தன் ஃபிசியோதெரபிஸ்ட்தான் பார்க்க வேண்டும், செலவு தன்னுடையது. "வேற யாராவது பாத்துக் கெடுத்துடுவாங்கன்னு சொல்றாரு" என்று டாக்டர் சிரித்தார். நான் சிரிக்க முயன்று, பஞ்சை விழுங்கப் பார்த்தேன்.

பட்டியலிலிருந்து ஆள் எடுக்கிற நாளன்று பெயர்களை எழுதிய சீட்டுகளைக் கிளினிக் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதலில் எடுக்க வேண்டியது கேளம்பாக்கம். வந்திருந்தது அதே கீப்பர். அவர்தான் அந்த அணிக்குக் கேப்டனும். வார நாட்களில் ஐ.டி. கம்பெனி ஊழியர்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறவர். சீட்டைத் தொடாமல் எட்டாம் நம்பரிடம் போய் நின்றார்.

"அண்ணா, நெஜமாவே வரீங்களா? அப்புறம் வந்து எங்க ஆட்டத்தைப் பாத்துட்டுத் திட்டக் கூடாது."

"திட்டுவேன்டா. ஆனா வர்றேன். எங்க நிக்கணும், சொல்லு."

"பின்னாடி. எனக்கு முன்னால, ஸ்டாப்பரா."

அறையே சிரித்தது. இந்த லீக்கில் நடுக்களத்தில் அவரைப் போலப் பந்தைப் பிரித்துக் கொடுக்க ஆள் கிடையாது. "தங்கத்தைக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் குடுக்கிறான் பாரு" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். எட்டாம் நம்பர் மட்டும் சிரிக்கவில்லை. கீப்பரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, உனக்கு முன்னால நிக்கிறேன்" என்றார்.

அந்த வருடத்தின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் கேளம்பாக்கம் தோற்றது. இரண்டாவது தோல்விக்கு மறுநாள் சாயங்காலம் பெருங்களத்தூர் ரயில் நிலையத்தில் அவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். மனைவி குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவரை ரயிலேற்ற வந்திருந்த எட்டாம் நம்பர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன இடைவெளியில் அந்த அம்மா என்னிடம் சொல்லித் தீர்த்தார்.

"நீங்களாவது கேளுங்க மேடம். நல்லா இருந்த எடத்தை வுட்டுட்டு வந்து, இப்போ காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வேற பசங்களுக்குக் கோச்சிங் குடுக்கப் போறாரு. சம்பளம் பத்தலன்னா என்ன பண்றது? முட்டி வேற இம்மாம் வீங்குது."

நான் என்ன சொல்ல முடியும்? கூட்டத்தில் நடந்ததற்கு நானும் ஒரு சாட்சி. "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் ரயில் வருகிற திசையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒண்ணு சொல்லணும் மேடம். போன வருஷம் ஜெயிச்சிட்டு வந்து டிவியக் கூடப் போடாம ஒக்காந்திருப்பாரு. இப்போ தோத்துட்டு வந்து, சோத்துத் தட்டுல பருப்பையும் அப்பளத்தையும் வெச்சு, யாரு எங்க நின்னிருக்கணும்னு எனக்குக் காட்டுறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா மனுசன் சந்தோஷமாதான் கீறாரு."

மூன்றாவது ஆட்டம் நான் ஊதியது. பல்லாவரத்தோடு கேளம்பாக்கம். அன்றுதான் அந்தக் கீப்பரின் கணக்கு எனக்கு விளங்கியது. அவருக்குக் கோல் போட ஆள் தேவைப்படவில்லை. பயந்துபோயிருந்த மூன்று தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் பயப்படாத ஒருவர் தேவைப்பட்டார். எட்டாம் நம்பர் தொண்ணூறு நிமிடமும் வாய் ஓயவில்லை. "வலது, வலது! அவன வுடாத! நீ ஏறிப் போ, நான் பின்னால கீறேன்!" ஒருவன் காலுக்கடியில் பந்தை விட்டுவிட்டால் கத்த மாட்டார். பந்தை மீட்ட பிறகு, "அடுத்தது உன்னுது" என்பார். பாதி ஆட்டத்துக்கு மேல் மற்ற மூவரும் அவரைப் போலவே பேசத் தொடங்கினார்கள். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. கீப்பர் களத்தில் மண்டியிட்டு வானத்தைப் பார்த்தார். லீக்கில் அது வெறும் ஒரு புள்ளி.

அதற்குப் பிறகு நடந்தவை எதையும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கூடுவாஞ்சேரியோடு தாம்பரம் டிரா செய்தது. தாம்பரத்தை மேடவாக்கம் தோற்கடித்தது. மேடவாக்கத்தைக் கேளம்பாக்கம் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. கூடுவாஞ்சேரியிலிருந்து பிரிந்து போன ஆட்கள் போன இடத்திலெல்லாம் நன்றாக ஆடினார்கள். அங்கே மாற்று ஆட்டக்காரர்களாக பெஞ்சில் வருடக் கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். ஓடுவதற்குக் கால் தவித்துக் கிடந்திருக்கிறார்கள். முன்பு இடைவேளையிலேயே கிளம்பிவிடும் கூட்டம் இப்போது கடைசி விசில் வரை சுவர் மேல் உட்கார்ந்திருந்தது. இருசக்கர வண்டிகள் தெருமுனை வரை நின்றன. சுண்டல் விற்கிற அக்கா இரண்டாவது அடுப்பு கொண்டுவந்தார்.

என்னையும் திட்டத் தொடங்கினார்கள். மேடவாக்கம் ஆட்டத்தில் நான் ஒரு ஃப்ரீ கிக்கை மறுத்தபோது சுவர் மேலிருந்து ஒருவன், "ரெஃப்ரி, கண்ணு தெரியலன்னா வூட்டுக்குப் போய் சோறாக்கு!" என்று கத்தினான். காது எரிந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். ஓடும்போதே, போன வருடம் தப்பான கோலுக்குக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்ற நினைப்பு வந்தது. என் முடிவு இப்போது யாருக்கோ வலிக்கிறது. அப்படியானால் அது சரியாக இருந்தாக வேண்டும். மறுநாளிலிருந்து பள்ளி மைதானத்தில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், நான் தனியாக ஓடிப் பழக ஆரம்பித்தேன். முப்பத்தொன்பது வயதில் மூச்சு வாங்கியது. ஆனால் ஒரு மாதத்தில் பந்துக்குப் பக்கத்தில் இருக்க முடிந்தது.

கடைசி ஞாயிறு வந்தபோது நான்கு அணிகளில் யார் வேண்டுமானாலும் கோப்பை வாங்கலாம் என்ற நிலை. கேளம்பாக்கமும் அந்த நான்கில் ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு மைதானங்களில் ஆட்டம். இன்னொரு மைதானத்தில் தாம்பரமும் சிறுசேரியும். இங்கே, என் விசிலுக்குக் கூடுவாஞ்சேரியும் கேளம்பாக்கமும்.

மதியமே மழை பிடித்துக்கொண்டது. பெனால்டி பகுதியில் தண்ணீர் தேங்க, இரு அணி ஆட்களும் சேர்ந்து சாக்குப் பையால் ஒற்றி எடுத்தார்கள். கூடுவாஞ்சேரி முதலாளி குடை பிடிக்க மறுத்துக் கோட்டோரம் நனைந்துகொண்டு நின்றார். இருபதாவது நிமிடம் கூடுவாஞ்சேரி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் கேளம்பாக்கம் ஒரு கார்னரில் தலையால் முட்டிச் சமன் செய்தது. மறு மைதானத்தில் என்ன நடக்கிறது என்று போன் வைத்திருந்தவர்கள் கத்திச் சொல்ல, அது பாதி தப்பும் பாதி சரியுமாக எங்கள் காதில் விழுந்தது.

எண்பத்து நான்காவது நிமிடம். கூடுவாஞ்சேரி முன்னாட்டக்காரர் பெனால்டி பகுதிக்குள் திரும்பி வலது காலால் உதைத்தார். எட்டாம் நம்பர் குறுக்கே விழுந்தார். பந்து மேலே தெறித்தது. அவரைச் சுற்றி ஏழெட்டு ஆட்கள், சேறு, யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் நாலெட்டுத் தூரத்தில் இருந்தேன். விரித்து வைத்திருந்த அவருடைய இடது முழங்கையில் பந்து பட்டதைப் பார்த்தேன். துணை நடுவர் பக்கம் பார்த்தேன். அவர் இரு கைகளையும் விரித்தார், தெரியவில்லை என்று.

ஊதினேன். பெனால்டி புள்ளியைக் காட்டினேன்.

கேளம்பாக்கம் மொத்தமும் என்னைச் சூழ்ந்தது. கீப்பர் முன்னால் வந்து, கையைக் கூப்பாத குறையாக, "நெஞ்சு மேடம்! நெஞ்சுலதான் பட்டுச்சு! சத்தியமா!" என்றார். சுவர் மேலிருந்த கூட்டம் என் குடும்பத்தையே இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் முழுவதும் அந்த மனிதர் கட்டியதை ஒரு விசிலில் நான் உடைக்கிறேனோ என்று தோன்றியது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

எட்டாம் நம்பர் சேற்றிலிருந்து மெல்ல எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து கீப்பரின் தோளில் கை போட்டார்.

"கையிலதான்டா பட்டுது. வுடு. போய் நில்லு."

"அண்ணா..."

"மேடம் பக்கத்துல நின்னு பாத்தாங்க. நீ போய் நில்லு, புடிக்கலாம்."

அத்தனை பேரும் விலகினார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மழை இருந்தது நல்லதாகப் போயிற்று.

கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தார். விரல் நுனியில் பந்து பட்டது. பட்டும் உள்ளே போய்விட்டது. இரண்டுக்கு ஒன்று. மிச்சமிருந்த நிமிடங்களில் கேளம்பாக்கம் கூடுவாஞ்சேரியின் பாதியை விட்டு நகரவே இல்லை. ஒரு பந்து கம்பத்தில் அடித்துத் திரும்பியது. கூடுவாஞ்சேரி ஆட்கள் பந்தை எங்கே வேண்டுமானாலும் உதைத்து நேரத்தைக் கடத்தினார்கள். மூன்று வருடமாக நேரத்தைக் கடத்த வேண்டிய தேவையே இல்லாதவர்கள்.

கடைசி விசில் ஊதினேன். மறு மைதானத்தில் டிரா. கோப்பை நான்காவது முறையாகக் கூடுவாஞ்சேரிக்கு. கேளம்பாக்கம் நான்காம் இடம்.

கூடுவாஞ்சேரி ஆட்கள் சேற்றில் விழுந்து புரண்டார்கள். ஒரு பெரிய ஆள் குழந்தை மாதிரி அழுதான். முதலாளி களத்துக்குள் வந்தார். தன் அணியைத் தாண்டி நேராக எட்டாம் நம்பரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாரு, என் கையைப் பாரு. இன்னும் நடுங்குது" என்றார். "மூணு கப்பு வாங்கியிருக்கேன். ஒரு தடவையாவது இப்படி நடுங்கியிருக்கா?"

"அடுத்த வருஷம் இன்னும் நடுங்கும் சார். உஷாரா இருங்க" என்றார் எட்டாம் நம்பர். முதலாளி கண்ணீரும் மழையுமாகச் சிரித்தார்.

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். இரு கேப்டன்களும் கையெழுத்திட வேண்டும். கேளம்பாக்கம் கீப்பருக்குக் கையில் சுளுக்கு என்பதால் எட்டாம் நம்பர் அவருக்குப் பதிலாக வந்தார். எட்டு வரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு மஞ்ச கார்டு போடலையே மேடம்?"

எனக்குத் திக்கென்றது. கோலுக்குப் போகிற உதையைக் கையால் தடுத்தால் கார்டு காட்ட வேண்டும். அந்த அமளியில் சட்டைப் பையில் கைவிடவே மறந்திருக்கிறேன். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு காட்ட முடியாது.

"மறந்துட்டேன்" என்றேன்.

"சரி வுடுங்க. யாரும் பாக்கல."

"நீங்க பாத்தீங்களே" என்று சொல்லி, கார்டு காட்டாதது நடுவரின் தவறு என்று கடைசி வரியில் எழுதினேன். அவர் அதையும் படித்தார்.

"இதுக்கு உங்கள கேள்வி கேப்பாங்களே மேடம்?"

"கேக்கட்டும்."

அவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் நாற்காலிக்குக் கீழே கிடந்த நனைந்த கொடிகள் இரண்டையும் எடுத்துப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டுவிட்டுப் போனார்.

கேட்கத்தான் செய்தார்கள். அடுத்த வருடத்தின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு என்னை நிறுத்தி வைத்தார்கள். அது நியாயம்தான். அந்த வருடம் கோப்பையைச் சிறுசேரி வாங்கியது, அதுவும் கடைசி ஞாயிறன்றுதான். எட்டாம் நம்பர் இன்னும் கேளம்பாக்கத்துக்கே ஆடுகிறார். இப்போது நடுக்களத்துக்கு நகர்ந்துவிட்டார். பின்னால் நிற்க அந்த மூவரே போதும் என்று கீப்பர் சொல்லிவிட்டாராம்.

அந்த மழை ஞாயிறன்று நான் வீட்டுக்கு வந்தபோது இருட்டியிருந்தது. ஷூவைக் கழற்றும்போதே கணவரிடம் ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு ஃபுட்பாலில் ஆர்வம் கிடையாது. தோசை ஊற்றிக்கொண்டே கேட்டார். சாக்குப் பை, கம்பத்தில் பட்ட பந்து, முழங்கை, கீப்பரின் விரல் நுனி, முதலாளியின் கை நடுக்கம் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி, நடுவில் எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். நான்காவது தோசை தட்டில் விழுந்தபோது அவர் கரண்டியை நிறுத்தினார்.

"அதெல்லாம் சரி, கடைசியில ஜெயிச்சது யாரு?"

அதைச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.